ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

அத்தியாயம் 6

"மைனர்" என்ற வார்த்தையை மானேஜர் திருமலை பதினோராவது தடவையாகச் சொன்னபோது, தென்றலுக்கு எண்ணுவதற்குக் கைவிரல் தீர்ந்துபோனது.

மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி. முதலாவதில் துப்பறியும் நிபுணர் கோதண்டம். ஐம்பத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே நிறையப் பேருடைய சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் தாம்பரத்தில் தனியாக போர்டு மாட்டிக்கொண்ட மனுஷர். இரண்டாவதில் அவருடைய உதவியாளர் தென்றல். சம்பளம் பாதி, வாய் முழுசு என்ற ஏற்பாட்டில் நாலு வருஷமாக அவரோடு காலம் தள்ளுகிறாள். மூன்றாவதில் ஜெர்சி. பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான். ஆனாலும் பாருங்கள், மானேஜர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெர்சி மண்ணூர்க்காரி. பத்தாவது முடித்த கையோடு அம்மாவின் கால் மிஷினில் கான்வாஸ் கையுறை தைக்க உட்கார்ந்தவள். இரும்புத் தகடு வெட்டுகிற கம்பெனிகளில் ஆட்கள் கையில் மாட்டிக்கொள்கிறார்களே, அந்தக் கையுறை. இரண்டரை வருஷத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, கூலிக்கு ஆறு பெண்கள், மறைமலை நகர் வரைக்கும் சப்ளை என்று வளர்ந்துவிட்டாள். கம்பெனிகள் செக்காகத்தான் கொடுக்கும். செக்கைப் போட கணக்கு வேண்டும். 'ஜெர்சி கிளவ்ஸ்' என்ற பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் கேட்டு, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் இந்தத் தொண்டைவள வங்கிக்கே மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் பதினெட்டு ஆனதும் வாம்மா என்று அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மைனர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு, கார்டியன் அப்பா அருள்நாதன் என்று திறந்தாள். உழைப்பது மகள், செக்கில் கையெழுத்துப் போடுவது அப்பா.

போன மாதம், அக்டோபர் பதினாலாம் தேதி, அப்பா அதிலிருந்த நாற்பத்தெட்டாயிரத்தையும் வழித்து எடுத்தார். ஒரகடம் பக்கம் வரப்போகிற ஃபேக்டரியில் மகனுக்கு பர்மனென்ட் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு புரோக்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். புரோக்கர் அடுத்த வாரமே ரூமைக் காலி பண்ணிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். அருள்நாதன் இப்போது மகள் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு, ஓ.டி. மேல் ஓ.டி. போட்டுக் கம்பெனியிலேயே கிடக்கிறார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இந்த விஷயத்தைக் கோதண்டத்திடம் கொண்டுவந்தது ஜெர்சி அல்ல. பத்து நாளைக்கு முன்னால் அண்ணாதுரை என்று ஒருவர் தாம்பரம் ஆபீசுக்கு வந்தார். தொழிற்சங்கத்தில் இருப்பதாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் கை வெட்டுப்படாமல் இருப்பது அந்தப் பெண் தைக்கிற கையுறையால், அவளுக்கு ஒரு நியாயம் கிடைக்கட்டும், என் பெயர் மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று ஐந்நூறு ரூபாயை மேஜையில் வைத்தார். அவளுடைய வயசில் எங்கேயோ இடிக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார். பேச்சோடு பேச்சாக ஜன்னல் திரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, மீட்டர் என்ன விலைக்கு வாங்கினீர்கள், நன்றாக ஏமாந்துவிட்டீர்கள் என்றார். அந்தத் திரையை வாங்கியவள் தென்றல். அன்றிலிருந்தே அவளுக்கு அந்த ஆள்மேல் ஒரு கடுப்பு.

கோதண்டம் மானேஜரிடம் மெதுவாகக் கேட்டார். "பதினெட்டு முடிஞ்ச அன்னைக்கு கார்டியன் கையெழுத்து என்ன ஆகும் சார்?"

"அன்னைக்கோட செல்லாது."

"செல்லாத கையெழுத்துக்குப் பணம் குடுத்தா?"

"பேங்க்தான் பொறுப்பு. ஆனா அந்தப் பேச்சுக்கே இங்க இடமில்லையே." திருமலை ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பள்ளிக்கூடச் சான்றிதழ் நகல். பிறந்த தேதி ஒன்று, ஆறு, எழுபத்து நாலு. அதாவது பதினெட்டு ஆக வருகிற ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இவள் கணக்கில் கை வைக்க அப்பாவுக்கு உரிமை உண்டு, இவளுக்குக் கிடையாது. மைனருக்குக் கடன் கிடையாது, கரண்ட் அக்கவுண்ட் கிடையாது, எங்கள் மேல் வழக்குப் போடக்கூட ஒரு பெரியவர் துணை வேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று தென்றல் கால்விரலுக்கு இறங்கியிருந்தாள்.

மானேஜர் தலைக்கு மேலே சுவரில் ஒரு விளம்பரப் படம். பேங்க் புதுசாகக் கிரெடிட் கார்டு கொடுக்கப்போகிறதாம். கோட்டு சூட்டு போட்ட ஒருத்தன் அட்டையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு மட்டும் எப்படி சார் குடுத்தீங்க?" என்றாள் தென்றல். "இவனுக்கு இன்னும் மீசையே முளைக்கலியே."

கோதண்டம் அவளை முறைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கோதண்டத்தின் ஃபியட் கார் மழை நாளில் தள்ளினால்தான் கிளம்பும். தள்ளுகிற வேலை எப்போதும் தென்றலுக்கு. இன்று துணைக்கு ஜெர்சியும் தள்ளினாள். ஈரத்தோடு ஏறி உட்கார்ந்ததும் கோதண்டம் சம்பந்தமே இல்லாமல், உன் பிறந்த நாளுக்கு வீட்டில் என்னம்மா செய்வார்கள் என்று கேட்டார்.

அம்மா பாயசம் வைப்பாள், வேளாங்கண்ணியில் கொடியேற்றுகிறார்களே, அதற்கு மறுநாள் என்றாள் ஜெர்சி.

"கொடியேத்தம் ஆகஸ்ட் இருபத்தொம்போது. அப்போ முப்பது. சர்டிஃபிகேட்ல ஜூன் ஒண்ணுன்னு இருக்கே?"

"அது ஸ்கூல் பொறந்தநாள் சார். இது வூட்டுப் பொறந்தநாள்." இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி ஜெர்சி பார்த்தாள்.

"எனக்கும் ஸ்கூல் பொறந்தநாள் ஜூன் ஒண்ணுதான் சார்" என்றாள் தென்றல். "என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு அதே நாள்தான். அந்த ஒரு நாள் மட்டும் பிரசவ ஆஸ்பத்திரியில க்யூ நின்னிருப்பாங்க போல."

கோதண்டம் சிரிக்கவில்லை. நாள் பொய் என்றால் வருஷம் மட்டும் எப்படி நிஜமாகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வண்டியை மண்ணூர்ப் பக்கம் திருப்பினார். அம்மாவுக்கு எந்த வருஷம் என்று தெரியாதாம். நாள் மட்டும் மாதா தயவில் மறக்கவில்லை.

ஜெர்சி படித்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை சரோஜா நல்ல மாதிரி. காகிதம் எதுவும் தரமாட்டேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்று பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் போட்டாள். எழுபத்தொன்பதாம் வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் முப்பத்தொரு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிறந்த தேதி தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் ஒரே தேதியைப் போட்டுத் தள்ளியிருக்கிறார். வயது சரியா என்று பார்க்க அவரிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து. தொடாவிட்டால் வீட்டுக்கு.

கோதண்டத்தின் கை அந்தப் பதிவேட்டோடு நிற்கவில்லை. அதற்கு முந்தைய வருஷத்தையும் கேட்டு வாங்கினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்துத் தென்றலைக் கூப்பிட்டார். 'அ. ஜெர்சி' என்று எழுதி, சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் குறிப்பு: கை எட்டவில்லை, அடுத்த ஆண்டு வரவும்.

இப்போதும் ஜெர்சி குள்ளம்தான். கோதண்டம் அவளைக் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார். நுனிவிரல் கஷ்டப்பட்டுத்தான் எட்டியது.

"வயசு கிட்ட வந்திருக்கு, கைதான் வரல" என்றார் கோதண்டம். அன்று காலையிலிருந்து அவர் குரலில் முதல் தடவையாக ஒரு தெம்பு. "எழுபத்தெட்டுலயே கூட்டிட்டு வந்திருக்காங்க. இவ எழுபத்துமூணுல பொறந்தவளா இருக்கணும் தென்றல். அப்போ இந்த ஆகஸ்ட் முப்பதோட பதினெட்டு முடிஞ்சது. அக்டோபர்ல அவங்கப்பா போட்டது செல்லாத கையெழுத்து."

பின் சீட்டில் ஏறிய ஜெர்சியைத் தென்றல் திரும்பிப் பார்த்தாள். துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டிருந்த ஜெர்சியின் கை நின்றுவிட்டது. நாற்பத்தெட்டாயிரம் திரும்பி வந்தால் ஆறு பெண்களுக்குப் பாக்கிக் கூலி போகும், பழுதாகிக் கிடக்கிற மிஷின்கள் ஓடும். அதற்கு மேல் ஆசைப்பட அவளுக்குப் பயமாக இருந்தது. தென்றலுக்கு அது புரிந்தது.

இனி ஒரே ஒரு காகிதம். அது மாதா கோயில் பதிவேட்டில் இருக்கிறது. பிறந்த பத்து நாளைக்குள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். அப்போதே பெயர், பிறந்த நாள், ஞானப்பெற்றோர் எல்லாம் தடிமனான ஒரு புத்தகத்தில் ஏறிவிடும். அங்கே காதைத் தொடச் சொல்லமாட்டார்கள்.

கோயில் அலுவலகத்தில், ஃபாதருக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியார் தாவீது மேஜைமேல் ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெளியாள் கேட்டால் புத்தகத்தைத் திறக்கிற வழக்கமே இல்லை என்றார். சம்பந்தப்பட்டவர் தன் கையால் மனு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். ஜெர்சி மனு எழுதினாள். கோதண்டம் சொல்லச் சொல்ல எழுதி, கீழே தன் பெயரை எழுதி ஒரு கோடு இழுத்தாள். தாவீது கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மழைச் சத்தம். சட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிறகு அவர் விரல் நின்றது.

பிறந்தது முப்பது, எட்டு, எழுபத்துமூன்று. ஞானஸ்நானம் செப்டம்பர் எட்டு.

ஃபாதர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சான்றிதழை ஜெர்சி கையில் கொடுத்தார். ஜெர்சி அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். பதினெட்டு வயதானதற்காக ஒருத்தி இப்படி அழுது தென்றல் பார்த்ததில்லை.

கோதண்டம் அங்கிருந்த போனிலேயே அண்ணாதுரைக்கு விஷயத்தைச் சொன்னார். அவர் பக்கத்தில்தான் இருக்கிறாராம். மூன்று மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் ஒரு நகல் கொடுத்தால் போதும், மீதி ஃபீஸைக் கையோடு தந்துவிடுகிறேன், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்றாராம். செய்த உதவியைச் சொல்லிக் காட்டாத மனுஷன் என்று கோதண்டம் மெச்சிக்கொண்டே காருக்கு ஓடினார்.

தென்றல் குடையை விரிக்கும்போது தாவீது வாசல் வரை வந்து, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்களா என்று கேட்டார். ஏன் என்றாள் தென்றல். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருத்தர் வந்து, கல்யாண விசாரணை என்று சொல்லி இதே சான்றிதழைக் கேட்டாராம். மாப்பிள்ளை வீட்டுப் பங்குச் சாமியாரிடமிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னதும் நழுவிவிட்டாராம்.

"போறப்ப பீடத்துத் துணிய ரெண்டு விரலால தேச்சுப் பாத்துட்டு, இது மட்டமான துணி, உங்கள நல்லா ஏமாத்திட்டாங்கன்னாரும்மா. மாதா மன்னிக்கட்டும், எனக்குக் கோவம் வந்துடுச்சு."

எல்லாப் பயல்களும் கிளம்பிவிட்டான்கள் துணியைத் தேய்க்க என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தென்றல் கார் தள்ளப் போனாள். அந்த ஒரு சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டாள் என்பதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில் காரை நிறுத்திவிட்டு, நகல் எடுக்கிற கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கோதண்டம் மட்டும் ஹோட்டலுக்குப் போனார். தென்றலும் ஜெர்சியும் காருக்குள் இருந்தார்கள். கண்ணாடி முழுக்க ஆவி. துடைப்பதற்காகத் துப்பட்டா முனையை இரண்டு விரலால் பிடித்த தென்றலின் கை அப்படியே நின்றுபோனது.

இரண்டு விரல். தாம்பரம் ஆபீஸ் ஜன்னல் திரை. கோயில் பீடத்துத் துணி. இரண்டு இடத்திலும் ஏமாந்துவிட்டீர்கள் என்ற அதே வார்த்தை. தொழிற்சங்கத்துக்காரன் எதற்காகத் துணியைத் தேய்க்கிறான்? துணி விற்கிறவன் அல்லவா தேய்ப்பான்!

அவள் கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடினாள். பின்னாலேயே ஜெர்சியும் இறங்கினாள். ஹோட்டல் வாசலில் கோதண்டம் நின்றிருந்தார். எதிரே அண்ணாதுரை நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்று ஜெர்சி தென்றலின் முழங்கையைப் பிடித்தாள். "இவரு இன்னாத்துக்கு இங்க நிக்கிறாரு? இவருதான் வால்டாக்ஸ் ரோடு பரசுராமன். நான் மிஷின் வாங்கினவரு."

அந்தக் கதையைத் தென்றல் அங்கே, அந்தச் சேற்றில் நின்றுதான் கேட்டாள். பரசுராமன் கான்வாஸ் துணியும் தையல் மிஷினும் விற்கிறவர். செப்டம்பர் ஐந்தாம் தேதி ஜெர்சி அவரிடம் ஆறு கரண்ட் மிஷின்களைக் கடனுக்கு எடுத்தாள். அறுபதாயிரத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வந்தவை பழைய மிஷின்கள், பெயிண்ட் மட்டும்தான் புதுசு. இரண்டு மாதத்துக்குள் நாலு நின்றுவிட்டன. அதற்குள் பேங்குப் பணமும் போய்விட்டது. தவணை கட்ட முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஜெர்சி தரப்பு வக்கீல் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, மைனர் எழுதிய நோட்டு செல்லாது, போய் நிம்மதியாகத் தூங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். இதைக் கோதண்டத்திடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பேங்கு விஷயம் வேறு, மிஷின் விஷயம் வேறு அல்லவா?

ஆகஸ்ட் முப்பதுக்கும் செப்டம்பர் ஐந்துக்கும் நடுவில் ஆறே நாள்.

ஜெர்சி சொன்னது கோதண்டத்தின் காதிலும் விழுந்திருந்தது. முகம் வெளுத்து, அவர் பரசுராமனின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தென்றல் கையை நீட்டினாள். அந்தக் காகிதத்தைக் கொடுங்கள் என்றாள். பரசுராமன் மறுக்கவில்லை. எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டார். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் போதும், கோர்ட்டில் சம்மன் போட்டால் ஃபாதரே தூக்கிக்கொண்டு வருவார் என்று பதவிசாக விளக்கினார். அறுபதாயிரத்துக்கு வழக்குப் போட கோர்ட் ஃபீஸே நாலாயிரத்துச் சொச்சம் ஆகுமாம். கட்டிவிட்டு, கடைசியில் இவள் மைனர் என்று ஆகிப்போனால்? அதனால்தான் ஐந்நூறு ரூபாயில் முதலில் தெரிந்துகொண்டாராம்.

"பொய்ப் பேரச் சொல்லி வந்தீங்களே" என்றாள் தென்றல்.

"பேரு மட்டும்தான் பொய். வேற ஏதாச்சும் பொய் சொல்லச் சொன்னனா? உண்மையக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சார் கண்டுபிடிச்சாரு." அவர் கோதண்டத்தின் பக்கம் திரும்பி ஒரு கவரை நீட்டினார். "மீதி ஃபீஸ். வாங்கிக்குங்க சார், உழைப்புக் காசு."

கோதண்டம் கையை நீட்டவில்லை. பரசுராமன் கவரை ஹோட்டல் கல்லாமேல் வைத்துவிட்டுத் தன் வேனில் ஏறிப் போனார்.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கோதண்டம் கேட்டார். அதைக் கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

"என் பேர்ல கீது சார். வித்த நெலத்துக்கு வந்த பணத்துல அம்மா வாங்கின மனை. பொட்டப் புள்ள பேர்ல இருந்தா பத்திரமா இருக்கும்னு எழுதுனாங்க."

மண்ணூரில் ரோட்டோரத்து மனை. கம்பெனி வருகிறது, கம்பெனி வருகிறது என்று மாதத்துக்கு மாதம் விலை ஏறுகிற மனை. பரசுராமனுக்கு மிஷின் பணம் மட்டுமா கண்ணில் பட்டிருக்கும்? பாவி.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. பேங்க் அந்த நாற்பத்தெட்டாயிரத்தைத் திருப்பித் தந்துவிட்டால் பெரும் பகுதியைக் கட்டி வீட்டைப் பிடித்துக்கொள்ளலாம். மணி மூன்றே முக்கால். கார் கிளம்பவில்லை. மூன்று பேரும் நனைந்துகொண்டே பேங்குக்கு ஓடினார்கள். கவுண்டர் மூடியிருந்தாலும் திருமலை உள்ளே இருந்தார்.

கோதண்டம் ஞானஸ்நானச் சான்றிதழை அவர் முன்னால் விரித்தார். ஆகஸ்ட் முப்பதோடு கார்டியன் கையெழுத்துச் செத்தது, அக்டோபரில் பாஸ் பண்ணியது தப்பு, காலையில் உங்கள் வாயாலேயே சொன்னீர்கள் என்று படபடவென்று கொட்டினார். திருமலை சான்றிதழை நிதானமாக, இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் இல்லை. துண்டை எடுத்து ஜெர்சியிடம் கொடுத்து, தலையைத் துடைத்துக்கொள்ளம்மா என்றார். அவளைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு ஃபைலைத் திறந்து பள்ளிச் சான்றிதழ் நகலைக் காட்டினார். கணக்குத் திறக்கும்போது நீங்கள் கொடுத்த தேதி இது. இதை நம்பித்தான் பேங்க் நடந்துகொண்டது. அக்டோபர் பதினாலாம் தேதிக்கு முன்னால் இந்தப் புதுக் காகிதத்தை ஒருவரும் எங்களிடம் காட்டவில்லை. வேண்டுமானால் வழக்குப் போடுங்கள், ஐந்தாறு வருஷம் இழுக்கும், கடைசியில் இதையேதான் சொல்வார்கள். இன்றிலிருந்து வேண்டுமானால் தேதியைத் திருத்திக்கொள்கிறேன். நேற்றைத் திருத்த முடியாது.

"அப்போ அப்பா செக்குக்கு நான் மைனரு. பரசுராமன் நோட்டுக்கு நான் மேஜரு. அப்டித்தானே சார்?" என்றாள் ஜெர்சி.

திருமலை மனசு கேட்காமல், மேஜை டிராயரைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். கரண்ட் அக்கவுண்ட் விண்ணப்பம். இனி உன் கம்பெனி பெயரிலேயே தொடங்கலாம், நீயே கையெழுத்துப் போடலாம் என்றார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். அதில் பத்து ரூபாய் போட்டால்கூட பரசுராமன் கோர்ட்டு மூலமாக வந்து அள்ளிக்கொள்வான் என்பது எதிரே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். ஜெர்சி அந்தத் தாளை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டு, நனையாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் கோதண்டம் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் மற்றவர்கள் பொய்யைக் கண்டுபிடித்தவர். இன்றைக்குத்தான் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார்.

"நான்தாம்மா உன்னை மாட்டிவிட்டுட்டேன்" என்றார். "அந்த ஆளால முடியல. நான் வந்து உன்கிட்ட மனு எழுதி வாங்கினேன்."

ஜெர்சி அவரைத் திட்டியிருந்தால் தென்றலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. வீட்டை ஜப்தி பண்ணக் கோர்ட்டு அமீனா வருவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டாள். வழக்கு நடந்து தீர்ப்பாகி வர ஒரு வருஷம் ஆகலாம், ஆனால் அதற்கு முன்னாலேயே மனையை விற்க முடியாதபடி தடை வாங்கிவிடுவான் என்றார் கோதண்டம், தலையைத் தூக்காமல். அம்மாவுக்கு இந்தத் தேதியெல்லாம் விளங்காது, பாயசம் வைத்த நாளால்தான் வீடு போச்சு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் சார் என்றாள் ஜெர்சி.

மண்ணூர் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது போல நின்றாள்.

"ரெண்டரை வருசமா நான் எங்க கையெழுத்துப் போட்டாலும், செல்லாது செல்லாதுன்னு திருப்பிக் குடுத்தாங்க சார்" என்றாள். "நோட்டுல ஒண்ணு போட்டேன். இன்னிக்கிக் கோயில்ல ஒண்ணு போட்டேன். ரெண்டும் செல்லிச்சு."

கண்டக்டர் விசில் அடித்தார். ஜெர்சி ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டாள். தென்றல் அந்த பஸ் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோதண்டத்தைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, இரண்டு பேருமாகக் காரைத் தள்ளப் போனார்கள்.